வேலி ஒன்று, பொருள் பல

உயர்தர வகுப்பிலே பயிலும் மாணவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். நாடுகள் ஒன்றன்மீது ஒன்று வழக்குத் தொடுக்கும் சர்வதேச நீதிமன்றம் நெதர்லாந்து தேசத்திலே ஹேக் என்னும் நகரில் இருக்கின்றது. "அந்த ஹேக் என்னும் பெயருக்கு ஏதேனும் பொருள் உண்டோ, ஐயா?" என்பதே அவ்வினா.

"உண்டு. வேலி என்பதே அதன் பொருள்" என்று நாம் விடை கூறினோம். நாம் வேடிக்கை பேசுகின்றோம் என்று எண்ணி அவர் நகைத்துவிட்டார். யாழ்ப்பாணத்திலே பிறந்தவருக்கு வேலி என்றவுடன் நகைப்பு வருவது இயல்பே. வேலிச் சண்டையும் வேலி வழக்கும் நம்மவரைப் பற்றிய பழைய பரிகாசங்கள் அல்லவா? ஆயினும் நாம் சொன்னது முற்றிலும் உண்மை. அந்த மாணவருக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து, இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

ஹேக் நகரத்தின் முழுப்பெயர் ஒல்லாந்த மொழியிலே 'ஸ்கிராவன்ஹாகே' என்பதாகும். 'கோமகனின் வேலி' என்று அதனைத் தமிழாக்கலாம். ஒல்லாந்தை ஆண்ட கோமகனார் வேட்டைக்கென வேலி சூழ வைத்திருந்த நிலத்தில் எழுந்த மாளிகையே பின்னர் நகரமாயிற்று. ஜேர்மானிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று 'ஹாக்'. முட்செடிகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலியையும், அவ்வேலி சூழ்ந்த நிலத்தையும் அச்சொல் குறித்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹாகா' என வழங்கிற்று. இன்றைய ஆங்கிலத்தின் 'ஹெட்ஜ்' என்பதும், ஜேர்மன் மொழியின் 'ஹெக்கே' என்பதும் அதன் சுற்றத்தவையே. ஆங்கிலேயர் தம் வயல்களுக்கு வேலியாக வளர்க்கும் ஒரு முள்மரத்துக்கு 'ஹாதோர்ன்' என்று பெயர். 'வேலிமுள்' என்பதே அதன் நேர்ப்பொருள். நமது கிளுவைக்கு அது தூரத்து உறவு போலும்!

இந்தச் சொல்லுக்கு விந்தையான ஒரு கிளையும் உண்டு. சூனியக்காரியைக் குறிக்க ஜேர்மன் மொழியில் வழங்கும் 'ஹெக்ஸெ' என்ற சொல்லும், கொடிய கிழவியைக் குறிக்கும் 'ஹாக்' என்ற ஆங்கிலச் சொல்லும், வேலியைக் குறிக்கும் அப்பழஞ்சொல்லிலிருந்தே பிறந்தன என்று மொழிநூலார் பலர் கருதுவர். வேலிக்கு இப்பால் வீடும் விளக்கும். அப்பால் காடும் இருளும். இவ்விரண்டுக்கும் நடுவே வேலிமேல் குந்தியிருப்பவள் எவளோ, அவளே அச்சத்துக்குரியவள் என்று அக்காலத்து மக்கள் எண்ணினர் போலும். வேலி வெறும் தடியும் ஓலையும் மாத்திரமன்று, அறிந்த உலகுக்கும் அறியாத உலகுக்கும் இடையிலுள்ள கோடு என்பதை இச்சொல் நமக்குக் காட்டுகின்றது.

ஒரு சொல், மூன்று நாடு

ஜேர்மானிய மொழிகளில் வேலிக்கு இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. ஜேர்மனியர் அதனை 'ட்சவுன்' என்பர்; பொருள் வேலி. ஒல்லாந்தர் அதே சொல்லைத் 'தொய்ன்' என்பர்; இன்று அதற்குப் பொருள் தோட்டம். ஆங்கிலேயர் அதனையே 'டவுண்' என்பர்; பொருள் பட்டினம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர் மூன்று ஊர்களில் மூன்று தொழில் செய்வதுபோல, ஒரே சொல் ஒரு நாட்டில் வேலியாகவும், இன்னொரு நாட்டில் வேலிக்குள் இருக்கும் தோட்டமாகவும், பிறிதொரு நாட்டில் தோட்டங்கள் பெருகி எழுந்த ஊராகவும் நிற்கின்றது.

இதைக் கேட்டு வியப்பவர்கள் நமது தமிழைச் சிறிது நோக்குக. அவர்கள் மூன்று மொழிகளில் பகிர்ந்துகொண்ட மூன்று பொருளையும் நமது 'வேலி' என்னும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், வேலி என்பதற்கு முள் முதலியவற்றாலான அடைப்பு, மதில், காவல், நிலம், நில அளவு, ஊர் என்று பொருள்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இச்சொல் நமது திராவிட மொழிக் குடும்பத்தின் பழஞ்சொத்து. மலையாளத்தில் வேலி என்றே வழங்கும். கன்னடத்தில் வகரம் பகரமாகிப் 'பேலி' என நிற்கும். தெலுங்கில் 'வெலுகு' என்பர். 1961ஆம் ஆண்டில் பரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர்கள் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலே இச்சொற்கள் யாவும் ஒரே குடும்பமாக வைக்கப்பட்டுள்ளன. ஜேர்மானியச் சொல்லுக்கும் நமது சொல்லுக்கும் பிறப்பிலே உறவு ஏதும் இல்லை. மாணவர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். ஒலி சற்று ஒத்திருந்தால் உடனே உறவு கொண்டாடுவது ஆராய்ச்சி ஆகாது. இங்கே ஒத்திருப்பது ஒலியன்று. கருத்து ஓடிய வழி. எங்கே மனிதன் காட்டை வெட்டிப் பயிரிட்டானோ, அங்கே முதலில் வேலியிட்டான். வேலியிட்ட இடம் அவனுடைய நிலமாயிற்று. நிலத்தைச் சுற்றி வீடுகள் எழ, அது ஊராயிற்று. ரைன் நதிக்கரையிலும் காவிரிக்கரையிலும் மனிதன் நடந்த பாதை ஒன்றே.

நிலமான வேலி, ஊரான வேலி

சோழ நாட்டிலே நிலத்தை வேலிக்கணக்கில் அளந்தனர். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இன்றைய அளவில் அது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையிலேயே வேலி இப்பொருளில் வந்துள்ளது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் நிலங்கள் வேலியாகவும், அதன் நுண்ணிய பின்னங்களாகவும் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். யாழ்ப்பாணத்தில் நாம் பரப்புக் கணக்கிலே பேசுகிறோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். வேலிக்கணக்கு இங்கே வழங்கவில்லை. ஆனால் அச்சொல் நமது ஊர்ப்பெயர்களில் ஆழ வேரூன்றிவிட்டது.

திருநெல்வேலி, நீர்வேலி, அச்சுவேலி, கட்டைவேலி, சங்குவேலி என்று சொல்லிப் பாருங்கள். இவற்றுள் வேலி என்பதற்கு வெறும் அடைப்பு என்று பொருள் கொண்டால் சிறவாது. வேலியிட்டுக் காத்த விளைநிலம், அந்நிலத்தைச் சார்ந்த ஊர் என்று கொள்வதே பொருந்தும். நெல் விளையும் நிலம் நெல்வேலி. நீர்வளம் உள்ள நிலம் நீர்வேலி. இன்றும் நீர்வேலியின் வாழைத்தோட்டங்களைக் காண்பவர், பெயரிட்டவர் அறிந்தே இட்டார் என்பர். தமிழகத்துத் திருநெல்வேலிக்கு ஓர் அழகிய தலபுராணக் கதை உண்டு. வேதசர்மா என்னும் அடியவர், இறைவனுக்கு நிவேதிக்க வைத்திருந்த நெல்லை உலரப் போட்டுவிட்டு நீராடச் சென்றார். அவ்வேளை பெருமழை பெய்தது. ஓடிவந்து பார்த்தபோது, சுற்றிலும் வெள்ளம் ஓட, நெல் மாத்திரம் வேலியிட்டாற்போல் நனையாது கிடந்ததாம். நமது திருநெல்வேலியோ ஊரவர் வாயிலே 'தின்னவேலி' ஆகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டு முதல் அவ்வூரிலேதான் இருக்கின்றது. மொழிநூல் கற்கும் மாணவர்கள் தாம் தினமும் ஒரு வேலிக்குள் நுழைந்து வருவதை அறிவார்களோ, அறியோம்.

'வளவு' என்னும் நமது இனிய சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். வளைத்தல், சூழ்தல் என்னும் கருத்தோடு சேர்ந்த சொல் அது. சுற்றி வளைக்கப்பட்ட இடமே வளவு. பழம்பாரசீக நாட்டிலே சுற்றி மதிலெடுத்த சோலைக்கு வழங்கிய பெயர்தான் கிரேக்கம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று 'பரடைஸ்' ஆயிற்று. அரபு மொழியில் 'பிர்தௌஸ்' ஆயிற்று. இரண்டுக்கும் இன்று பொருள் சுவர்க்கம். மனிதன் சுவர்க்கத்தைக்கூட வேலி அடைத்த ஒரு வளவாகவே கற்பனை செய்தான் என்றால், நம்மூர்க் கிழவரை எவ்வாறு குறை கூறுவது?

எங்கள் வேலி

இனி நமது வேலியைக் காண்போம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளை வெட்டி மாரியில் நட்டால் அவை துளிர்க்கும். அவையே கதியால். கதியாலுக்குக் குறுக்கே வரிச்சுத் தடி வைத்துக் கட்டி, கிடுகோ பனையோலையோ கொண்டு அடைப்பது வழக்கம். பனைமட்டை வேலியும், முட்கிளைகளை அடுக்கிய அலம்பல் வேலியும் உண்டு. கதியாலின் குழை ஆட்டுக்கு உணவு, தோட்டத்துக்குப் பசளை. பழைய ஓலையும் வீண்போவதில்லை. அது மண்ணிலே தாழ்ந்து எருவாகும். வேலியிலே புலுனியும் செண்பகமும் குடியிருக்கும். ஓணானுக்கு அது சொந்த ஊர். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழி வேறெங்கே பிறக்கும்?

வேலியோடு சேர்ந்து பிறந்த சொற்கள் எத்தனை! வீட்டு வாயிலில் படலை. அதற்குக் கூரையிட்டு, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் வைத்தால் சங்கடப்படலை. கால்நடை புகாது ஆள் மாத்திரம் ஏறிக் கடக்கும் வழி கடவை. இரு வேலிகளுக்கிடையே ஓடும் சிறு வீதி ஒழுங்கை. இவை யாவற்றிலும் நமக்கு மிக உவப்பானது பொட்டு. அயல்வீட்டுக்குப் போய்வர வேலியில் விடும் சிறு திறப்பே பொட்டு. கறிக்கு உப்புக் குறைந்தால் பொட்டால் வரும்; அடுப்புக்கு நெருப்பும் பொட்டால் வரும்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயல்வீட்டு ஆச்சி பொட்டால் ஓடி வருவார். இரு குடும்பங்கள் பகைத்தால் முதலில் அடைபடுவதும் பொட்டே. உறவு திரும்பினால் முதலில் திறபடுவதும் அதுவே.

வேலி அடைக்கும் காட்சியை நேரிற் கண்டவர்கள் ஒன்றை அறிவர். ஒருவர் தனித்து நின்று வேலி அடைத்தல் அரிது. ஒருவர் உட்புறத்திலும் மற்றவர் வெளிப்புறத்திலும் நிற்பர். ஒருவர் குத்தூசியிலே நாரைக் கோத்து ஓலையூடாகச் செலுத்துவார். மறுபுறத்தவர் அதை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிச் செலுத்துவார். ஓலை மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது; குரல் மாத்திரம் கேட்கும். 'இழு, விடு, இறுக்கு' என்று பேசிப் பேசியே வேலி முடியும். இருவரைப் பிரிப்பதற்கென எழும் வேலியை இருவரும் சேர்ந்தன்றிக் கட்ட முடியாது என்பது எவ்வளவு பெரிய உண்மை!

இதையெல்லாம் சொல்லும்போது வேலியின் மறுபக்கத்தை நாம் மறைக்கலாகாது. இரவோடிரவாகக் கதியாலைச் சிறிது அப்பால் நகர்த்தியவர்கள் நம்மிடையே இருந்தனர். ஒரு முழ நிலத்துக்காக இரு முழக் காணியை விற்று வழக்காடியவர்களும் இருந்தனர். அதனினும் கொடியது ஒன்றுண்டு. ஆளுயரத்துக்கு மேல் எழுந்த நமது வேலிகள் கள்வரையும் கால்நடையையும் மாத்திரம் தடுக்கவில்லை. சாதியின் பெயரால் மனிதரைப் படலைக்கு வெளியே நிறுத்தின. பெண்களின் உலகை வளவின் அளவாகக் குறுக்கின. பிறந்தகத்து வேலியையும் புகுந்தகத்து வேலியையும் அன்றி வேறு காணாமலே வாழ்ந்து முடிந்த பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்தனர். வேலி காப்பது யாரை, தடுப்பது யாரை என்ற கேள்வி எக்காலத்திலும் கேட்கப்பட வேண்டியதே.

அரசுகள் இட்ட வேலிக்கும் இக்கேள்வி பொருந்தும். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர், உப்பு வரியைத் தப்பவிடாதிருக்க வட இந்தியாவுக்குக் குறுக்கே சுங்க எல்லையொன்று வகுத்து, ஆயிரம் மைலுக்கு மேல் முள்வேலி வளர்த்தனர். அதனை முனைந்து வளர்த்த அதிகாரிகளுள் ஒருவர் ஆலன் ஒக்டேவியன் ஹியூம். பிற்காலத்தில், 1885ஆம் ஆண்டில், இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவிக்க முன்னின்றவரும் அவரே. ஏழையின் கஞ்சிக்கு உப்புப் போகாமல் தடுத்த அவ்வேலி 1879இல் கைவிடப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதனைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

ஒல்லாந்தர் எழுதிய எல்லை

ஹேக் நகரத்தவராகிய ஒல்லாந்தருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு பெயரளவினதன்று. அவர்கள் 1658 முதல் 1795 வரை 137 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். 'கந்தோர்' என்ற அவர்களுடைய சொல் நம் வாயில் இன்னும் இருக்கின்றது. 1706இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நமது மக்களின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். முதலியார்கள் பன்னிருவர் அதனைப் பார்த்து ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. காணி விற்க எண்ணுபவர், உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு விதி. காணியை ஒற்றியாகப் பிடித்திருந்த அடுத்த காணிக்காரருக்கும் அப்போது அவ்வுரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனைப் பங்காளரோடும் உரித்தாளரோடும் சுருக்கிவிட்டது. அயலவன் வேலிக்கு அப்பால் இருப்பவனே ஆயினும் முற்றும் அந்நியன் அல்லன் என்ற ஓர் எண்ணம் அப்பழைய விதியிலே ஒளிந்திருந்தது.

இன்று உலக நாடுகளின் வேலிச் சண்டைகள் அந்த ஹேக் நகருக்கே செல்கின்றன. பிரே விகார் என்னும் பழஞ் சிவாலயம் தமக்கே உரியது என்று கம்போடியாவும் தாய்லாந்தும் வழக்காடின. 1962இல் அந்நீதிமன்றம் அது கம்போடியாவுக்குரியது எனத் தீர்த்தது. ஆயினும் பிணக்குத் தீரவில்லை. 2025ஆம் ஆண்டிலும் அவ்வெல்லையிலே குண்டுகள் வெடித்தன. வேலி என்று பெயர்கொண்ட ஊரிலிருந்து உலகத்து வேலிகளுக்குத் தீர்ப்பு வருவது தற்செயலே. ஆனால் தீர்ப்பு எல்லையைத் தரும், அயலுறவைத் தராது.

நமது நாட்டில் நடந்ததையும் நாம் அறிவோம். 1990 முதல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வளவுகளை விட்டுப் பெயர்ந்தனர். 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தது. ஓலை வேலி நின்ற இடங்களில் முட்கம்பி எழுந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின், சிறிது சிறிதாகச் சில காணிகள் மீண்டன. திரும்பி வந்தவர்கள் தம் வேலியைத் தேடினர். ஓலை மக்கி மறைந்துவிட்டது; வரிச்சும் இல்லை. எங்கோ ஒரு கதியால், வெட்டுவாரின்றி ஓங்கிப் பெருமரமாய் நின்றது. அதையும் கிணற்றுக்கட்டையும் வைத்துக்கொண்டு, 'இது எங்களது, அது உங்களது' என்று அயலவர் இருவர் சேர்ந்து நடந்து எல்லை கண்டனர். முன்னாளில் அதே எல்லைக்காகப் பேச்சை நிறுத்தியிருந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். வேலி தொலைந்த பின்னரே அயலவனின் அருமை தெரிந்தது.

இன்று நமது ஒழுங்கைகளில் ஓலை வேலி அருகிவிட்டது. எங்கும் சீமெந்து மதில், அல்லது தகரம். ஓலை கட்ட ஆளில்லை. ஆண்டுதோறும் செலவிட வசதியுமில்லை. மதில் கட்டுவோரை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் மதில் துளிர்ப்பதில்லை. ஆட்டுக்குக் குழை தருவதில்லை. அதில் பொட்டு விடவும் இயலாது. வேலி போனதோடு அதன் சொற்களும் போகின்றன. கதியால், வரிச்சு, அலம்பல், குத்தூசி, கடவை, பொட்டு என்று சொன்னால் விழிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். ஜேர்மானியர் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தம் வேலிச்சொல்லை ஊர்ப்பெயரிலும் மரப்பெயரிலும் தேடித் தேடி ஏட்டில் ஏற்றிவிட்டனர். நாம் நேற்றுவரை பேசிய சொற்களை இன்று இழக்கலாமா?

மாணவர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாச்சியிடமோ அம்மம்மாவிடமோ சென்று அமருங்கள். அவர்கள் வளவின் வேலியைப் பற்றிக் கேளுங்கள். அது எதனால் அடைத்தது, எந்தப் பக்கத்தில் பொட்டு இருந்தது, மறுபுறத்தில் குத்தூசி வாங்கியவர் யார் என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்கொப்பியில் ஒரு சொற்பட்டியல் சேரும். அதனோடு, மறுபுறத்தில் நின்ற ஓர் அயலவரின் பெயரும் சேரும். அப்பெயருக்குரியவர் இன்று எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் மறவாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.